பல்கருவி கற்ற பேராசான்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு தொழிலில் நிலைத்து நில்லாமல் ஒன்றைத் தொட்டு ஒன்றை விட்டு அலைபவனைத் திருத்த இதைவிடச் சிறந்த மொழி இல்லை. ஆனால் எல்லாத் துறைக்கும் இது பொருந்துமா? தனக்காக மட்டும் பாடுபவனுக்கு ஒரு மரம் போதும். பலருக்குக் கற்பிக்க வேண்டியவனுக்கும் அந்த ஒரு மரம் போதுமா? இக்கேள்விக்கு விடை தேடியபோது என் கண்முன் வந்து நின்றவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். வாய்ப்பாட்டு, கோட்டுவாத்தியம், மிருதங்கம், கதாகாலட்சேபம், சாகித்தியம், இசை இலக்கணம் ஆகிய இத்தனையும் ஒருவரிடம் கூடியிருந்தன. இத்தனைக்கும் மேலாக அவர் ஓர் ஆசிரியர். மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் இசைப் பள்ளிகளுக்குத் தலைமையேற்றுப் பணி புரிந்தவர். அப்பெருமகனாரின் வாழ்க்கையை ஓர் ஆசிரியர் உருவான கதையாக இங்கே சொல்ல முற்படுகிறேன்.

இளமையும் குருகுலமும்

முத்தையா பாகவதர் 1877-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் புனல்வேலி என்னும் ஊரில் பிறந்தார். தாமிரவருணி பாயும் நெல்லைச் சீமையிலுள்ள ஹரிகேசநல்லூர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். தாம் இயற்றிய பாடல்களிலும் ஹரிகேச என்பதையே முத்திரையாக வைத்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்மாமனான இலட்சுமண சூரி வடமொழியில் பெரும்புலமை பெற்றவர். அவர் சிறுவனைத் தம் பொறுப்பில் ஏற்று வடமொழியும் வேதமும் பயிற்றுவித்தார். மருமகன் ஒரு பண்டிதனாக வரவேண்டும் என்பது மாமனின் எண்ணம். மருமகனின் மனமோ இசையை நாடியது.

பத்து வயதளவில் முத்தையா வீட்டை விட்டுக் குருவைத் தேடிப் புறப்பட்டார். ஊர் ஊராகச் சென்ற சிறுவனுக்குத் திருவாரூரில் குரு கிடைத்தார். பதினைந்துமண்டபம் சாம்பசிவ ஐயர் என்பார் அவர். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த சபேச ஐயரின் தந்தை. அங்கே ஒன்பது ஆண்டுகள் குருகுலவாசம். மாணவ நண்பர்கள் இந்த ஒன்பது ஆண்டு என்னும் கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பல மரம் கண்ட இத்தச்சன் முதலில் ஒரே மரத்தடியில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். சரளி வரிசையும் சண்டை வரிசையும் அலங்காரமும் கீதமும் வர்ணமும் கீர்த்தனையும் குரல் வழியாகவே உள்ளே இறங்கின. மற்றவை எல்லாம் இந்த வேர் பிடித்த பிறகு கிளைத்தவை.

கருவிகள் கற்பித்த பாடம்

வாய்ப்பாட்டோடு பாகவதர் பயின்ற கருவிகள் இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று கோட்டுவாத்தியம், இக்காலத்தில் சித்திரவீணை என்று வழங்குவது. மற்றொன்று மிருதங்கம். ஒன்று சுரத்துக்கு உரியது, மற்றொன்று தாளத்துக்கு உரியது. இசையின் இரண்டு கண்களுக்கும் இரண்டு கருவிகள் என்று சொல்லலாம்.

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. விரலை வைக்கும் இடத்தை மெட்டு காட்டிக் கொடுக்கும். கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது. வலக்கை விரல்கள் தந்தியை மீட்ட, இடக்கையில் பிடித்த கட்டையைத் தந்தியின் மேல் வழுக்கிச் சென்று சுரத்தைப் பிடிக்க வேண்டும். மயிரிழை தவறினாலும் சுரம் பிசகும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழி முழுவதும் காதுக்குக் கேட்கும். கமகம் என்று நூல்கள் சொல்வது என்ன என்பதை இக்கருவி கண்ணுக்கே காட்டிவிடுகிறது. பாடுகிறவன் தன் தொண்டைக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது. கோட்டுவாத்தியம் வாசிக்கிறவன் தோடியின் காந்தாரம் எவ்வளவு தூரம் அசைகிறது என்பதைத் தன் கையாலேயே அளந்து பார்க்கலாம். மாணவனுக்கு அதை எடுத்துக்காட்டவும் அவனால் முடியும்.

மிருதங்கம் கற்பிப்பது வேறு. வலந்தலையும் தொப்பியும் சேர்ந்து எழுப்பும் சொற்கட்டுகளில் தாளத்தின் உள்கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. வெளியே கை போடுகிற தாளத்துக்கு உள்ளே எத்தனை மாத்திரைகள் ஓடுகின்றன என்பது மிருதங்கம் பயின்றவனுக்குத் தெரிவதுபோல மற்றவனுக்குத் தெரிவது அரிது. பாகவதர் பின்னாளில் இயற்றியவற்றுள் கமாசு இராகத்து மாதே மலயத்வச என்னும் தரு வர்ணம் புகழ்பெற்றது. தரு வர்ணம் என்பது சுரமும் சாகித்தியமும் மட்டுமின்றிச் சொற்கட்டாகிய சதியும் சேர்ந்து வருவது. மிருதங்கம் அறிந்த கை அந்த அமைப்பில் தெரிகிறது.

கதையும் பாட்டும்

கச்சேரி வித்துவானாகப் பெயர் பெற்ற பின் பாகவதர் கதாகாலட்சேபத் துறையில் இறங்கினார். மராட்டியர் வழியாகத் தஞ்சையில் வேரூன்றி, தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதரால் தமிழ்நாட்டுக்கு உரிய வடிவம் பெற்ற கலை அது. காலட்சேபம் செய்பவர் நின்றபடியே பாட வேண்டும், பேச வேண்டும், கையில் சிப்ளாக்கட்டை தட்ட வேண்டும், அழ வேண்டும், சிரிக்க வேண்டும். எதிரே இருப்பவர்களுள் இராக இலக்கணம் அறிந்தவர் பத்துப் பேர் என்றால் கதை கேட்க வந்தவர் ஆயிரம் பேர். இருதிறத்தாரையும் நான்கு மணி நேரம் கட்டிப்போட வேண்டும். ஆசிரியத் தொழிலுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது? மாமனிடம் கற்ற வடமொழி, குருவிடம் கற்ற இசை, கையில் பழகிய தாளம் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுகூடின. சிறுவயதில் வேண்டா வெறுப்பாகக் கற்றதுகூட வீண்போகவில்லை.

திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் பாடிப் பொருள் சொல்ல, பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் துணை செய்யும். நான் ஆர்மோனியக் கட்டையில் விரல் வைக்கப் பழகியது அத்தகைய பந்தல்களில்தான். கூத்து மேளத்தில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்தால், முகவீணை ஊதுகிறவர் ஆர்மோனியமும் வாசிப்பார். மிருதங்கக்காரர் பாட்டெடுத்துக் கொடுப்பார். ஒருவர் வரவில்லையென்றால் ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்பதால் வந்த பழக்கம் அது. பள்ளிக்கூட நிலையும் ஏறக்குறைய அதுதான். ஒரு பள்ளிக்கு ஓர் இசையாசிரியர் கிடைப்பதே அரிது. அந்த ஒருவரே பாட்டுக்கும் தாளத்துக்கும் சுருதிக்கும் ஆண்டுவிழாவுக்கும் பொறுப்பு.

மைசூர் அரண்மனையில்

பாகவதர் 1927-ஆம் ஆண்டு மைசூர் சமத்தான வித்துவானானார். அப்போது மைசூரை ஆண்டவர் நால்வடி கிருஷ்ணராச உடையார். வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், நாகசுரம், பியானோ, சாக்சபோன், சித்தார் என எட்டுக் கருவிகளில் அம்மன்னருக்குப் பயிற்சி உண்டு என்பர். அரண்மனையில் மேனாட்டுப் பாண்டும் உண்டு, கருநாடக இசைக்கான பாண்டும் உண்டு. பாகவதர் வருவதற்கு முந்திய ஆண்டுதான் மறைந்திருந்தார் வீணை சேசண்ணா. அவரும் வீணையோடு வயலின், பியானோ, சுரபத், சலதரங்கம் ஆகியவற்றில் வல்லவர். ஒரு கருவிக்காரர் மற்றொரு கருவியைத் தொட்டால் குற்றம் என்று கருதாத ஊர் அது.

இங்கேதான் பாகவதரின் படைப்புத்திறன் பெருக்கெடுத்தது. சாமுண்டேசுவரியின் நாமங்களின் மேல் 108 கீர்த்தனைகள் இயற்றினார். அவர் இயற்றியவை மொத்தம் ஏறத்தாழ 400 எனக் கணக்கிடுவர். மோகனகல்யாணி, கர்ணரஞ்சனி, விசயநாகரி, புதமனோகரி, நிரோட்டா முதலிய புதிய இராகங்கள் அவரால் வழக்கில் வந்தன. நிரோட்டா என்பது மத்திமமும் பஞ்சமமும் இல்லாத இராகம். ம, ப என்னும் இரண்டும் உதடு ஒட்டும் எழுத்துகள். அவை நீங்கியதால் உதடு ஒட்டாத இராகம் என்று பெயர். சுரத்தையும் எழுத்தையும் ஒருங்கே பார்க்கும் கண் இருந்தால்தான் இப்படி ஒரு பெயர் பிறக்கும். சிறுவர்களுக்கு இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும், அந்த இராகத்தின் இலக்கணம் அவர்கள் மனத்தை விட்டு அகலாது.

இங்கிலீசு நோட்டு என்று நாம் கேட்டு மகிழும் மெட்டும் அவர் பெயரால் வழங்குவதே. பாண்டு வாத்தியத்தின் துள்ளலை நம் சுரங்களில் அமைத்த அதைக் கச்சேரி மேடைதோறும் பாடிப் பரப்பியவர் மதுரை மணி ஐயர். பாமரரும் கைதட்டும் அந்தச் சிறு உருப்படிக்குள் மேனாட்டு இசையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு வித்துவானின் திறந்த மனம் இருக்கிறது.

ஆசிரியப் பணி

மதுரையில் தியாகராச சங்கீத வித்தியாலயம் என்னும் பள்ளியை நிறுவியவர் பாகவதர். மதுரை மணி ஐயர் பயின்றது அங்கேதான். சென்னை சங்கீத வித்வத் சபையின் 1930-ஆம் ஆண்டு மாநாட்டுக்குப் பாகவதர் தலைமை தாங்கினார். 1939-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அவரையே அழைத்தார்கள். சுவாதித் திருநாள் மகாராசாவின் கீர்த்தனைகளைத் தேடித் தொகுத்துச் செப்பனிட்டு மீண்டும் மேடைக்குக் கொண்டுவரும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணைநின்று, அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்று 1963 வரை நடத்தியவர் செம்மங்குடி சீனிவாச ஐயர்.

சங்கீத கல்பத்துருமம் என்னும் இசை இலக்கண நூலையும் பாகவதர் எழுதினார். அதற்காகத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1943-ஆம் ஆண்டு அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. பள்ளிக்கூடம் போகாமல் குருவைத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்ட சிறுவன், 66 வயதில் பல்கலைக்கழகத்தால் முனைவர் என்று போற்றப்பட்டான். 1945-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் மைசூரில் அவர் உயிர் பிரிந்தது.

ஓர் ஆசிரியரை அளக்க அவர் மாணவரைப் பார்க்க வேண்டும். அதைவிட, மாணவரின் மாணவரைப் பார்க்க வேண்டும். இராமநாதபுரம் சங்கரசிவம் பாகவதரிடம் பயின்றவர். மிருதங்கக் குடும்பத்தில் பிறந்தவர். மிருதங்க மேதை முருகபூபதி அவருடைய தம்பி. அந்தச் சங்கரசிவத்திடம் பயின்றவர் மதுரை சேசகோபாலன். அவர் பாடுகிறார்; வீணை வாசிக்கிறார்; ஆர்மோனியம் வாசிக்கிறார்; கதாகாலட்சேபமும் செய்கிறார். பாட்டனாரின் முகச்சாடை பேரனிடம் தெரிவதுபோல் முத்தையா பாகவதரின் பன்முகம் மூன்றாம் தலைமுறையில் அப்படியே தெரிகிறது. ஆசிரியர் பல வாயில்களைத் திறந்து வைத்தால் மாணவர் பரம்பரையும் பல வாயில்களில் நடமாடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நமக்கு என்ன?

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. பட்டம் பெற்றபின் இசையாசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், தேவாரம், பரதம் ஆகியவற்றுக்கு மூன்றாண்டுப் படிப்பு உண்டு. அந்த மூன்று ஆண்டுகளையும் நான் அதற்குக் கொடுத்தால், தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய மூன்று ஆண்டுகள் போய்விடும் என்பது என் தாய்மாமன் கவலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அப்பாவுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மாமன் கவலைப்படுவதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஞாயிறுதோறும் கூத்து மேளத்துப் பெரியவர் ஒருவரிடம் மிருதங்கம் பயிலப் போகிறேன் என்று தெரிந்ததும் அவர் எடுத்துவிட்டதுதான் மேலே கண்ட தச்சன் பழமொழி. ஆர்மோனியம் தெரியும், அதையே உருப்படியாக வாசி, மற்றது எதற்கு என்பது அவர் வாதம்.

அதற்கு நான் கண்ட மறுமொழி இது. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை. நம் இசையோ அந்த நடுவிடத்தில்தான் பெரும்பாலும் உயிர் வாழ்கிறது. அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும், 1971 வரை அத்தடை நீடித்ததற்கும் கூறப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆர்மோனியத்தை நான் குறை கூறவில்லை. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சுருதி கலையாமல் பிடித்து நிறுத்த அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஆர்மோனியம் மட்டும் அறிந்த ஆசிரியனிடம் கமகம் என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் அவன் எதைக் காட்டுவான்? வயலினில் மெட்டு இல்லை, அதில் காட்டலாம். ஏழு தாள அலங்காரத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு பிள்ளை ஓடினால், இன்னொரு பிள்ளை இழுத்தால், மிருதங்கத்தில் நான்கு தட்டுத் தட்டிச் சரி செய்யலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆண்பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்றுவரை நன்றாகப் பாடிய பையன் இன்று வாய் திறக்க வெட்கப்படுவான். பாட்டு மட்டுமே தெரிந்த ஆசிரியனின் வகுப்பிலிருந்து அந்தப் பையன் மெல்ல நழுவிவிடுவான். அவன் கையில் ஒரு கருவியைக் கொடுக்கத் தெரிந்த ஆசிரியன், குரல் தெளியும்வரை அவனை இசைக்குள்ளேயே வைத்திருப்பான். குருவைத் தேடி வீட்டை விட்டுப் புறப்படும் முத்தையாக்கள் எல்லாரும் அல்லர். பெரும்பாலான பிள்ளைகளை ஆசிரியன்தான் தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும்.

மேனாட்டிலும் இக்கருத்து உண்டு. அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882–1967) பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் குரல், அதன் பிறகே கருவி என்னும் முறையை வகுத்தார். பிள்ளையின் தொண்டைக்குள் சுரம் நிலைத்த பின்பே கை கருவியில் ஓட வேண்டும் என்பது அம்முறையின் சாரம். திருவாரூர்க் குருகுலத்தில் நடந்ததும் அதே வரிசைதான். ஆகவே என் மாமன் சொல்லும் பழமொழியை நான் தள்ளிவிடவும் இல்லை. ஒரு மரத்தை வெட்டத் தெரிந்த பிறகு பல மரம் காணும் தச்சனைப் பற்றி அப்பழமொழி பேசவில்லை, அவ்வளவே. தேக்கு மட்டும் இழைத்தவன் நல்ல தச்சனாக இருக்கலாம். தச்சுப் பட்டறை வைத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லித் தருகிறவனுக்கு வேம்பின் குணமும் பலாவின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். மிருதங்கம் பலா மரத்தில் அல்லவா குடையப்படுகிறது?

பாகவதர் வாழ்க்கையிலிருந்து எனக்கென நான் வகுத்துக்கொண்டவை மூன்று. முதலாவது, குரல் வழியாகச் சுரஞானம் நிலைபெறும்வரை பிறவற்றில் மனம் செலுத்தாதிருத்தல். இரண்டாவது, சுரத்துக்கு ஒரு கருவி, தாளத்துக்கு ஒரு கருவி எனக் குறைந்தது இரண்டு பயிலுதல். அவற்றில் மேடை ஏறும் அளவு தேர்ச்சி இல்லாவிடினும், பிழை இன்றி எடுத்துக்காட்டும் அளவு தேர்ச்சி வேண்டும். மூன்றாவது, எதைக் கற்றாலும் அதை இன்னொருவருக்குச் சொல்லத் தக்க முறையில் கற்றல். இம்மூன்றும் இசைக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை. வரலாறு படிப்பவன் கல்வெட்டும் காசும் அறிய வேண்டாமா? தாவரவியல் படிப்பவன் வேதியியலின் வாசலையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா? பேராசிரியப் பெருமக்கள் இதுபற்றி என்னைவிட நன்கு அறிவார்கள்.

இக்கட்டுரை அச்சாகும் வேளையில் எங்கள் வீட்டில் ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. இசைப்பள்ளியில் வயலினுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம் தொடரும். இரவில் தேர்வாணையப் புத்தகங்களையும் புரட்டுவதாக மாமனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்று ஆண்டில் எது கைகூடும் என்று இன்று சொல்வதற்கில்லை. ஒன்பது ஆண்டு பொறுத்தவர் வரலாற்றை எழுதிவிட்டு மூன்று ஆண்டுக்கு அஞ்சுவது முறையாகாது என்பது மட்டும் தெரிகிறது. வரும் சித்திரையில் எங்கள் ஊர்ப் பக்கம் பாரதம் நடந்தால் நண்பர்கள் அவசியம் வாருங்கள். ஆர்மோனியத்துக்கு என் தம்பியைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நான் மிருதங்கத்தின் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.